மேஜைக் காகிதத்தில் எழுதியது

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வேறு எதையும் எதிர்பார்க்காதே.

போன் வேண்டாம் என்றது நீ. பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "போன்ல பேசினா நீ கத்துவ, நான் வச்சிடுவேன். லெட்டர் போடு. எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்ப" என்றாய். யோசித்துப் பார்த்துவிட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. பெற்ற பெண் ஊருக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, "நான் கண்ணாடிக் கடைக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன், இருபத்தாறாம் தேதி பதிவு" என்று எந்த அம்மாவாவது சொல்வாளா? அதையும் என் தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் பேசினதும் தப்புதான். "இந்த வயசுல உனக்கு இது தேவையா" என்று கேட்டிருக்கக் கூடாது. அதற்கு மட்டும் மன்னிப்பு. மற்றதற்கு இல்லை.

ஆஸ்பத்திரி பெரியது, எக்ஸ்ரே அறை மட்டும் சின்னது. மெஷின் மூன்று பெட்டிகளில் வந்திருக்கிறது. நாலாவது பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அது வரும்வரை சுவரில் துளை போட்டு ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். தங்கியிருக்கிற அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஆடுகிற மேஜை. பையைப் பிரிக்கவில்லை. மேலாக இருக்கிற நாலு துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்குத்தான் அலைச்சல். ஆஸ்பத்திரி கேன்டீன் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி தருகிற சாப்பாட்டுப் படிக்குள் அடங்குகிற இடம் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான்: பிரெஞ்சுக்காரக் குடும்பம் ஒன்று நடத்துகிற சின்ன ஹோட்டல். பிரெஞ்சு என்றதும் மெழுகுவத்தியும் வயலினும் என்று கற்பனை செய்யாதே. எட்டு மேஜை. கழிவறைக்குப் போக அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். சமையல் புருஷன், பரிமாறுவது பெண்டாட்டி, ரொட்டி அறுப்பது அவளுடைய மாமனார். முதல் நாள் பதினொன்று நாற்பதுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே மூன்று பேரும் மூலை மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டினேன். அந்த அம்மாள் ஸ்பூனால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு, திரும்பிச் சாப்பிட ஆரம்பித்தாள். பன்னிரண்டுக்குத்தான் திறந்தாள். தாங்கள் சாப்பிட்டு முடிக்காமல் ஊருக்குச் சோறு போடுவதில்லையாம்.

உள்ளே போனால் அதைவிட. சூப் முடிந்து இருபது நிமிஷம் ஆகியும் மீனைக் காணோம். அவர்கள் பாஷையில் பாதி, நம் பாஷையில் பாதி, மீதி கைஜாடை என்று ஒப்பேற்றி, "எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு வாங்க, எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

"உனக்கு வேலை இருக்குன்னு மீனுக்குத் தெரியுமா? உட்காரு" என்றாள்.

இருபத்தாறாம் தேதி பற்றிக் கேட்பாய். நாலாவது பெட்டி வந்தால்தான் எதுவும் சொல்ல முடியும். முடியாது என்றே வைத்துக்கொள்.

உன் மகள்



மார்ச் 6, வெள்ளி

பம்பரத்துக்கு,

உன் கடிதம் காலை பத்து இருபதுக்கு வந்தது. பதினாலு வருஷமாக டிப்போவில் வண்டி வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதுகிற கை, அதுவாகவே குறித்துவிட்டது.

நீ ஷூ மாட்டாமல் வீட்டில் இருக்கிற நேரம் எது என்று சொல், அடுத்த முறை அப்போது சொல்கிறேன். நான் என்ன, ஆற அமர உட்கார வைத்துச் சொல்ல வேண்டாம் என்றா இருந்தேன்? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி வருகிறாய், குளிக்கிறாய், நின்றுகொண்டே சாப்பிடுகிறாய், போகிறாய். உன்னை உட்கார வைக்க ஒரு மீன் கிடைத்திருக்கிறது. அந்த அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அவரைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்துச் சொல்கிறேன். வயது அறுபது. சம்சாரம் போய் ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. என் மூக்குக்கண்ணாடியின் காம்பு தளர்ந்துவிட்டது என்று போன வருஷம் நாலு தடவை அவர் கடைக்குப் போனேன். நாலில் இரண்டு தடவைதான் நிஜமாகவே தளர்ந்திருந்தது. அது அவருக்கும் தெரியும், ஆனால் நாலு தடவையும் திருகாணியை முறுக்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் காதல் கதை. சிரிக்கிறதானால் சிரித்துக்கொள்.

"அப்பா நாற்காலியில அவர் உட்காருவாரா" என்று வாசலில் நின்று கேட்டாய். பக்கத்து வீட்டு டீச்சர் காதில் விழுந்திருக்கும். அப்பா போய் ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் உன் அழுக்குத் துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நான் அவர் கடைக்கு மேலே இருக்கிற வீட்டுக்குப் போகிறேன். இந்த வீட்டை ஏப்ரல் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பதிவு விண்ணப்பத்தில் இரண்டு சாட்சி கேட்கிறார்கள். முதல் கோட்டில் அவர் மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கோடு காலியாக இருக்கிறது. டிப்போவில் ஒரு வார்த்தை சொன்னால் கண்டக்டர்கள் வரிசையில் நின்று போடுவார்கள். நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன் கோடு. இருபத்துநாலாம் தேதிக்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். நீ போடாவிட்டால் அது அப்படியே அலமாரியில் கிடக்கும், நானும் இப்படியே கிடப்பேன்.

ஆறு மணி நேரம்தான் பஸ். வர மனசிருந்தால் ஒரு ஞாயிறு போதும்.

அம்மா



மார்ச் 9, திங்கள்

அம்மாவுக்கு,

இது மிரட்டல். பூசி மெழுகாமல் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ கல்யாணம் செய்துகொள்ள மாட்டாய் என்றால், போட்டாலும் பழி, போடாவிட்டாலும் பழி. அவருக்கு நான் வில்லி, உனக்கு நான் கல்நெஞ்சுக்காரி. நன்றாக மாட்டிவிட்டாய்.

வீட்டைக் காலி செய்கிறேன் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். என் அறை? ஜன்னல் கம்பியில் நான் கட்டின கயிறு இன்னும் இருக்கிறது. அலமாரியில் என் காலேஜ் புத்தகங்கள் இருக்கின்றன. நான் ஊர் ஊராகப் போகிறேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. போகிறவளுக்குத் திரும்பி வர ஒரு வாசல் வேண்டாமா? அதை யோசித்தாயா?

நாலாவது பெட்டி வந்தது. திறந்தால் வேறு ஏதோ மெஷினின் கால்கள். திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாட்சைப் பார்க்கிறார். நானும் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறேன். நர்ஸ் ஒருத்தி, "நீங்க நடந்து நடந்து தரை பளபளன்னு ஆயிடுச்சு" என்றாள். இங்கேயும் உன் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஹோட்டல் அம்மாளுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறாயே என்று எழுதுகிறேன், சமாதானம் என்று நினைக்காதே. அங்கே மேஜைக்குத் துணி கிடையாது. பெரிய வெள்ளைக் காகிதத்தை விரித்து நாலு பக்கமும் கிளிப் மாட்டுகிறாள். நாம் சொல்வதை அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே, தேதி போட்டு, பென்சிலால் எழுதிக்கொள்கிறாள். சாப்பிட்டு முடித்தால் காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் புதிது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் அதன் வழியாகத்தான். இன்று அவன் உப்பு கூடப் போட்டுவிட்டான் என்று தட்டை அப்படியே உள்ளே தள்ளினாள். அவன் வெளியே தள்ளினான். அவள் மறுபடி உள்ளே. மூன்றாவது தடவை வந்தது வேறு தட்டு. யாரும் சாரி சொல்லவில்லை. மாமனார் ரொட்டியை அறுத்துக்கொண்டே இருந்தார்.

அவர்தான் எனக்குத் தபால்காரர். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டின உறைகளை மொத்தமாக அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, பாதிச் சாப்பாட்டில் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் எழுதின தாளை மேஜையில் விட்டுவிட்டுப் போனால் போதும், மடித்து உறையில் போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்துவிடுவார். இதுவும் அப்படித்தான் வருகிறது.

இருபத்துநாலுக்குள் நான் வர முடியாது.

மகள்



மார்ச் 12, வியாழன்

பம்பரத்துக்கு,

மிரட்டல் என்றே வைத்துக்கொள். உன்னிடம் வேறு எதுவும் பலிக்கவில்லை.

வாசல் வேண்டும் என்கிறாய். முப்பத்தொரு வயதில் போன வருஷம் மொத்தம் நாற்பத்து மூன்று நாள் இந்த வாசலில் நுழைந்திருக்கிறாய். என் டைரியில் இருக்கிறது. மீதி நாளெல்லாம் அந்த வாசலை யார் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நீ யோசித்தாயா?

அவர் நேற்று, "பொண்ணுக்குப் பிடிக்கலைன்னா விட்டுடலாங்க. இப்ப மாதிரியே கண்ணாடி ரிப்பேருக்கு வந்துட்டுப் போங்க" என்றார். வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி சொன்னார். அதன் பிறகு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்தார். எனக்கு மனசு தாங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. என்னிடம் சொல்ல வேண்டியது எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறாயா?

பையை முழுக்கப் பிரித்து அடுக்கு. அப்படியே மூட்டையாக வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாய்?

அம்மா



மார்ச் 14, சனி

அம்மா,

இது உனக்கு வரப்போவதில்லை. மேஜைக் காகிதத்தில் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் மீன் முள்ளோடு சேர்த்துச் சுருட்டிப் போட்டுவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். மீன் வர இன்னும் நேரம் இருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நீ கேட்டாய் அல்லவா, சொல்லாமல் வைத்திருக்கிறாயா என்று. வைத்திருக்கிறேன். கம்பெனி என்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. மூன்று வருஷம், மே மாதம் கிளம்பணும். ஜனவரியிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். பிறந்த தேதிச் சான்றிதழ் கேட்டு இரண்டு மாதமாக நச்சரிக்கிறார்கள். அது உன் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்று கேட்பாய். அதனால் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். நீ எனக்குத் தட்டு எடுத்து வைப்பாய். நான் நின்றுகொண்டே சாப்பிடுவேன். உட்கார்ந்தால் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா?

அன்று காலை பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஷூ மாட்டும்போது வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

நீ சொன்னதும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? கோபம் இல்லை. அப்பா ஞாபகம் இல்லை. அப்பாடா என்று வந்தது. அம்மா தனியாக இருக்க மாட்டாள், நான் தாராளமாகப் போகலாம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. உனக்கு ஒரு துணை கிடைத்ததே என்று சந்தோஷப்படவில்லை, எனக்கு விடுதலை கிடைத்ததே என்றுதான் பட்டது. அடுத்த நிமிஷமே என்மேல் எனக்கு அருவருப்பாகிவிட்டது. அந்த அருவருப்பைத்தான் உன்மேல் கொட்டினேன். அப்பா நாற்காலியை இழுத்தேன். வயசை இழுத்தேன். கண்ணாடிக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். போன வருஷம் என் குளிர்கண்ணாடியை ஒரு பைசா வாங்காமல் சரி செய்து கொடுத்தார்.

இன்னும் ஒன்று. நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்கிறாய். நீ ஒரே இடத்தில் இருந்தாய், அதனால்தான் என்னால் ஓட முடிந்தது. நீ எப்போதும் அங்கேயே இருப்பாய் என்று நான் எழுதி வைத்துவிட்டேன், உன்னைக் கேட்காமலே. இப்போது நீயும் நகர்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

மீன் வந்துவிட்டது. அவள் தட்டை என் எழுத்தின்மேலேயே வைக்கிறாள். நகர்த்தி எழுதுகிறேன். கடைசியில் தருகிற பேரிக்காய்க்கு இன்னும் அரைமணி ஆகும், அதற்குள் வேறு ஏதாவது

ஆஸ்பத்திரியிலிருந்து போன். போகிறேன்.



மார்ச் 15, ஞாயிறு

அம்மா,

இதை முதலில் படி. ஒரு பெரிய உறை வரும். அதைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு.

நேற்று பாதிச் சாப்பாட்டில் ஓடினேன். இன்று போனதும் மாமனார் என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

"நேத்து மேஜையில இருந்ததை என்ன பண்ணீங்க?" என்றேன்.

"அனுப்பிட்டேன். எழுதினதை மேஜையில வச்சுட்டுப் போனா அனுப்பணும், அதானே நம்ம ஏற்பாடு?"

"அது மேஜை விரிப்பு. குப்பையில போடறது."

"அம்மாவுக்கு இவ்வளவு பெரிசா எழுதியிருக்க, குப்பையில போடுவாங்களா? உன் உறைக்குள்ள போகல. பெரிய உறை வாங்கி, உன் சின்ன உறையை அதுமேல ஒட்டி, தபால்தலை கூட ரெண்டு நானே போட்டேன். வெண்ணெய் சிந்தியிருந்துச்சு, அதையும் ஒத்தி எடுத்துட்டேன்."

நம் பாஷையில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. அவரை என்ன சொல்லித் திட்டுவது? அவர் மருமகள் விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் வழியாகப் புருஷனிடம் சொன்னாள். அவன் முதல் தடவையாக அடுப்படியை விட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தான். உள்ளே போய், நேற்று நான் சாப்பிடாமல் விட்ட பேரிக்காயைக் கொண்டுவந்து வைத்தான்.

நேற்றிரவெல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. இனி ஒரு நாளும் தூக்கம் வராது. தபால் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்காது என்று தெரிந்தும் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதில் இருப்பது உண்மை இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

மகள்



மார்ச் 18, புதன்

என் பெண்ணுக்கு,

பெரிய உறை நேற்று வந்தது. படிக்காதே என்ற உன் கடிதம் இன்று வந்தது. தாமதம் ஒரு நாள். டிப்போவாக இருந்தால் டிரைவருக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

காகிதத்தைக் கட்டிலில் விரித்துத்தான் படிக்க முடிந்தது. ஓரத்தில் ஒரு மீன் வாசனை. முதல் தடவை படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவினேன். அப்பாடா என்று வந்ததாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தேன், அவர் லென்ஸ் துடைத்த மாதிரி. இரண்டாவது தடவை படிக்கும்போது கோபம் போய்விட்டது. பெற்றவளை விட்டுப் போகிறோமே என்று குமைந்து குமைந்து இரண்டு மாதம் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறாய். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே என்றுதான் இருந்தது.

இப்போது நான் சொல்கிறேன், கேள். உன் வெளிநாட்டு வேலை எனக்குத் தெரியும். பிப்ரவரி பன்னிரண்டு, காலை ஒன்பது பத்துக்கு உங்கள் கம்பெனி ஆள் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். "மேடம் மே மாசம் கிளம்பறாங்களே, பிறந்த தேதிச் சான்றிதழ் இன்னும் வரலையே" என்றார். தேடி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு வாரம். இரண்டு வாரம். நீ வந்தாய், குளித்தாய், ஷூ மாட்டினாய். இவள் சொல்லாமலேயே போய்விடுவாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன் என்று முந்திக்கொண்டேன். பாட்டில் மூடியை ஏன் அப்படி இறுக்கினேன் என்று இப்போது புரிகிறதா?

பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திற. சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது, பிளாஸ்டிக் கவரில். நீ கிளம்புவதற்கு முன்னாலேயே வைத்துவிட்டேன். இத்தனை நாளாகப் பையைப் பிரிக்காமல் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாய்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை வழியனுப்பி வைப்பதற்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவரோடு இருந்தால் நான் நிறையப் பேசுகிறேன். அவ்வளவுதான்.

கடைக்கு மேலே பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது. காலி ஃபிரேம் பெட்டிகளை அடைத்து வைத்திருந்தார். போன வாரமே, நீ திட்டிக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டிருக்கிறார். ஜன்னல் கம்பியில் கட்டின கயிற்றை அவிழ்த்து எடுத்துப்போய்ப் புது ஜன்னலில் நான் கட்டிவிட்டேன். வாசல் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நீ வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். இருபத்திரண்டு, ஞாயிறு. வண்டி பன்னிரண்டு ஐம்பதுக்கு அங்கே வரும், அட்டவணையை நானே பார்த்தேன். விண்ணப்பத்தைக் கையோடு கொண்டு வருகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அங்கும் இங்கும் ஓடாதே. அந்த மேஜையில் உட்கார்ந்திரு. ஒரு தடவை, நாங்கள் வரும்வரை, எழுந்திருக்காமல் உட்கார்ந்திரு. அது போதும் எனக்கு.

மாமனாருக்கு என் நன்றியைச் சொல்.

அம்மா



மார்ச் 22, ஞாயிறு

அம்மா,

மறுபடியும் மேஜைக் காகிதம். இது தபாலில் வராது. மாமனாரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நீ வந்து உட்கார்ந்ததும் உன் தட்டை நகர்த்திப் படி.

மணி ஒன்று இருபது. பன்னிரண்டு ஐம்பது என்று யாரோ அட்டவணை பார்த்தார்களாம். முதலாளியம்மா, "உங்கம்மாவுக்கு பஸ் டிப்போவுல என்ன வேலைன்னு சொன்ன?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இன்று பதினொன்றரைக்கே வந்துவிட்டேன். வழக்கம்போல மூவரும் மூலை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்றேன், தட்டவில்லை. அவளே எழுந்து வந்து கதவைத் திறந்து, தங்கள் மேஜையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நிக்காத. பார்க்கிறவங்களுக்குக் கால் வலிக்குது" என்றாள். அவர்களோடு சீஸும் ரொட்டியும் சாப்பிட்டேன். பன்னிரண்டிலிருந்து இந்த மேஜையில் இருக்கிறேன். எட்டு தடவை எழுந்துவிடலாம் என்று வந்தது. எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று தட்டு வைத்துவிட்டாள். காகிதத்தின் ஓரத்தில் சூப் மூன்று என்று எழுதியும் விட்டாள். வந்த பிறகு எழுதலாமே என்றேன். "அடுப்புல வச்சாச்சு. வருவாங்க" என்றாள்.

சரியான நாலாவது பெட்டி வந்து, மெஷின் வியாழக்கிழமை ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் படம் சூப்பரின்டென்டென்ட்டின் கை. வாட்சைக் கழற்ற வைத்துத்தான் எடுத்தேன்.

நேற்று பையைப் பிரித்தேன். பக்கவாட்டு ஜிப்பில் சான்றிதழ் இருந்தது. உன் கையெழுத்தில் கவர்மேல் "பத்திரம்" என்று எழுதியிருக்கிறாய். கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு எல்லாத் துணியையும் மடித்து மேஜைமேல் அடுக்கினேன், இன்னும் நாலே நாள்தான் இங்கே இருக்கப் போகிறேன் என்றாலும். நான் மே மாதம் போகிறேன், அம்மா. அதை இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டு உன் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

ஒன்று முப்பத்தைந்து. ஒரு பஸ் வந்து போயிருக்க வேண்டும், தெருவில் பெட்டியும் பையுமாக ஆட்கள் வருகிறார்கள்.

இதோ நீங்கள். எதிர்ப் பக்கத்தில் நிற்கிறீர்கள். அவர் என் முகவரிச் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்கிறார். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது. நீ வாட்சைக் காட்டி அவரை ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறாய். கையை வீசி, நடுத்தெருவில், வாய் ஓயாமல். அவர் சிரிக்கிறார். நீயும் சிரிக்கிறாய். அம்மா, நம் வீட்டில் நீ இவ்வளவு சத்தமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் இருக்கும்போதும் நீ மெல்லத்தான் பேசுவாய், அவர் போன பிறகும் மெல்லத்தான் பேசினாய். நான் அதை உன் குணம் என்று நினைத்திருந்தேன்.

தெருவைக் கடக்கிறீர்கள். ஓடி வந்து கட்டிக்கொள்ளவில்லை என்று குறை சொல்லாதே. நீ சொன்னபடி உட்கார்ந்திருக்கிறேன். பேனா கையில்தான் இருக்கிறது. உட்கார்ந்ததும் முதலில் அந்தக் கோட்டைக் காட்டு, சூப் அப்புறம்.